நான்கு வீட்டுத் துணியில் ஒரு சிறு குவில்ட்: புதிதாகத் தொடங்குவோருக்கு

நவராத்திரி முடிந்த மறுவாரம் சென்னையில் பல வீடுகளின் அலமாரியைத் திறந்தால், வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுக்கப்பட்ட ரவிக்கைத் துணிகள் ஓர் அடுக்காகச் சேர்ந்திருக்கும். அவற்றில் பாதி அடுத்த ஆண்டு வேறொரு வீட்டுத் தாம்பூலத் தட்டுக்குப் போய்விடும்; மீதி எந்தச் சேலைக்கும் பொருந்தாத நிறத்தில் அங்கேயே கிடக்கும். அந்தத் துணிகளைக் கொண்டு, ஏறத்தாழ 16 அங்குலச் சதுரத்தில், கையாலேயே தைத்து முடிக்கக்கூடிய ஒரு சிறு குவில்ட்டைச் செய்யும் முறையையும், அதை நான்கு பேர் சேர்ந்து செய்வதற்கான ஏற்பாட்டையும் இங்கே எழுதுகிறேன். ஊசியில் நூல் கோக்கவும் நேராக ஓட்டுத் தையல் போடவும் தெரிந்திருந்தால் போதும். தையல் மிஷின் தேவையில்லை.

குவில்ட் மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே சிறு துண்டுகளை இணைத்துச் செய்த முகப்பு, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துண்டாக ஓர் அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத் தையல்தான் அதைக் குவில்ட் ஆக்குகிறது. பெயர் அயல்மொழியிலிருந்து வந்தது என்றாலும் வேலை நமக்குப் புதிதன்று. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்தின் கோதடி, கர்நாடகத்தின் கவுதி ஆகியவை எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. காந்தா என்ற சொல்லும், 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும்போது நாம் சொல்லும் கந்தையும் உறவுள்ள சொற்கள். என் பாட்டி, வீட்டில் குழந்தை பிறந்தால், வெளுத்து மிருதுவான நூல் சேலையை நான்காக மடித்து, அடுக்கு கலையாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக நாலு தையல் ஓட்டிக் கொடுப்பார். அதற்கு அவர் தனிப் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை.

சிறிதாகத் தொடங்கச் சொல்வதற்கு முதற்காரணம், சிறியதைத்தான் முடிக்க முடியும் என்பது. கட்டிலளவுக் குவில்ட்டைத் தொடங்கிப் பாதியில் மூட்டை கட்டிப் பரணில் போட்டவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருத்தி. அடுத்ததாக, சென்னையின் வெயிலில் கனமான போர்வைக்கு வேலையே இல்லை. 16 அங்குலச் சதுரம் மேசை விரிப்பாகும், சுவரில் தொங்கும், மிக்ஸிக்கு மூடியாகும், கொலுவில் மரப்பாச்சித் தம்பதிக்கு ஜமக்காளமாகும். கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மாம்பலத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் தைத்துக்கொண்டே போகலாம்.

முதலில் ஆட்கள், பிறகு துணி

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் கடைக்குப் போய்த் துணி வாங்குவதில் தொடங்குகிறார்கள். முதலில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். நான் இப்படிச் சொல்வதற்குப் பாசத்தைவிடக் கணக்குதான் பெரிய காரணம். நாம் செய்யப்போகும் குவில்ட்டுக்கு 36 சிறு சதுரங்கள் வேண்டும். ஒரே வீட்டுத் துணியில் அவற்றை வெட்டினால், அந்த வீட்டாரின் நிறப் பற்று ஒன்றே எங்கும் தெரியும். என் அலமாரியில் எதை எடுத்தாலும் மாம்பழ மஞ்சளும் அரக்கும்தான். நான்கு பேர் சேர்ந்தால், ஆளுக்கு 36 சதுரங்கள் வெட்டி, ஒன்பது ஒன்பதாக நான்கு கட்டுகள் ஆக்கி, ஒன்றைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் மூவருக்குக் கொடுத்துவிடலாம். கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் அதே 36 சதுரங்கள் இருக்கும். ஆனால் அவை நான்கு வீட்டுத் துணிகளாக இருக்கும். யாருக்கும் கூடுதல் செலவில்லை.

அமெரிக்காவில் 1840களிலிருந்து நட்புக் குவில்ட் என்ற வழக்கம் பரவலாக இருந்தது. ஊரைவிட்டு மேற்கே குடிபெயரும் பெண்ணுக்காகத் தோழியரும் உறவினரும் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் தம் பெயரை அழியாத மையால் எழுதி, எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தனுப்பினார்கள். நம் பரிமாற்றம் அதற்கு நெருங்கிய உறவு என்று கொள்ளலாம்.

ஆட்களை எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, தையல் கடை வாசலில் தேடுங்கள் என்பதுதான். எங்கள் தெருமுனையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்காவிடம் வெட்டுத் துணி கேட்கப் போனபோது, அதே துணிக்காக ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவரும் பையுடன் நின்றுகொண்டிருந்தார். கொலு பொம்மைகளுக்குப் பாவாடை தைக்க வேண்டுமாம். அவரையும், கடைக்கார அக்காவையும், மேல்மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவியையும் சேர்த்து நாங்கள் நால்வரானோம். இந்தக் கலையில் ஆழமாகப் போக விரும்புவோருக்கும் நகரில் துணை உண்டு. 2019இல் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் சென்னையில் நடந்தபோது, இத்தனை பேர் இங்கே தைக்கிறார்களா என்று நான் வியந்தேன். இருந்தாலும் முதல் குவில்ட்டுக்கு, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மூவரே நல்லவர்கள். பேருந்து பிடித்து வர வேண்டிய குழு, இரண்டாம் மாதம் மழை வந்தால் கலைந்துவிடும்.

மாதம் ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை பிற்பகல், வீடு மாற்றி வீடு கூடுவது எங்கள் ஏற்பாடு. மொத்தம் நான்கு கூடல்கள் போதும்: சதுரங்களைப் பரிமாற ஒன்று, இணைத்ததைப் பார்க்க ஒன்று, அடுக்கிக் கோக்க ஒன்று, ஓரம் மடிக்க ஒன்று. இடையிலுள்ள தையலை அவரவர் வீட்டில் செய்துகொள்ள வேண்டும். காப்பியும் சுண்டலும் உண்டு. ஆனால் அவை அடுத்த அறையில் இருக்க வேண்டும் என்பது, ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் வெள்ளைத் துணிமேல் கவிழ்ந்த அன்று எழுதப்பட்ட சட்டம்.

துணி

பருத்தித் துணி மட்டும் போதும். தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணிகளில் பல பாலியெஸ்டர் கலந்தவை. கையில் பிடித்துப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் போல எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியைச் சேர்த்தால் பெரிய குற்றம் ஒன்றுமில்லை; ஆனால் மடித்த மடிப்பு அதில் நிற்காது, புதியவருக்கு அது வீண் தொல்லை.

போதாத நிறங்களை வாங்க வேண்டுமென்றால், எழும்பூர் பாந்தியன் சாலையில் பருத்தித் துணிகளை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைகள் வரிசையாக உண்டு. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸின் தலைமையகமும் அதே சாலையில்தான் இருக்கிறது. பாரிமுனையின் கோடவுன் தெரு மொத்த வியாபாரத் தெரு. கால் மீட்டர் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் நால்வருக்கும் சேர்த்து அடித்துணி வாங்கப் போனால் பலன் உண்டு. ஒருவருக்குத் தேவை மிகக் குறைவு: அடர் நிறத்தில் கால் மீட்டர், வெளிர் நிறத்தில் கால் மீட்டர், சுற்றுப்பட்டிக்குக் கால் மீட்டர், அடித்துணிக்கு 60 சென்டிமீட்டர். அடித்துணிக்குச் சலவை செய்த பழைய காடா அல்லது பாப்ளின் சிறந்தது. நெருக்கமான நெசவுள்ள புதுப் படுக்கை விரிப்பை மட்டும் போடாதீர்கள். ஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும்.

சாயம் போவது நம் ஊர்த் துணிக்குப் பழைய புகழ். 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை, ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிதாகும் என்று சொல்லி, 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரிலேயே விற்றார்கள். சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம். குவில்ட்டில் பக்கத்துச் சதுரம் வெள்ளையாக இருந்தால் அழுகைதான் வரும். என் முதல் குவில்ட்டில் ஒரு குங்குமச் சிவப்பு, முதல் அலசலிலேயே சுற்றியிருந்த எட்டுச் சதுரங்களையும் இளஞ்சிவப்பாக்கியது. ஆகவே எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன் தனித்தனியாக நனைத்து, ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் இன்னும் இரண்டு முறை அலசிப் பாருங்கள். மூன்றாம் முறையும் ஏறினால் அதை மரப்பாச்சிக்குக் கட்டிவிட்டு வேறு துணி எடுங்கள். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். நான் பல முறை செய்து பார்த்தேன்; நின்ற துணி உப்பில்லாமலும் நின்றிருக்கும் என்றே தோன்றுகிறது. முன்கூட்டி நனைப்பதால் இன்னொரு பயனும் உண்டு: சுருங்க வேண்டிய துணி வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடும்.

நனைத்த துணியைக் கஞ்சி போட்டு உலர்த்துங்கள். வடித்த கஞ்சியில் இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, வடிகட்டி, துணியை முக்கி, நிழலில் காயவைத்து, இலேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால், மெல்லிய மல் துணிகூடக் காகிதம் போல நிற்கும். வெட்டும்போது நழுவாது, தைக்கும்போது ஓரம் இழுபடாது. ஒரே எச்சரிக்கை, கஞ்சித் துணியை நெடுநாள் அப்படியே வைக்கக் கூடாது. நம் ஊர் ஈரக் காற்றில் அது பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கோ கஞ்சி விருந்து.

நடு அடுக்குக்குக் கடைகளில் பாலியெஸ்டர் வாடிங் என்ற பஞ்சு விரிப்பு கிடைக்கிறது; மிக மெல்லியதாகக் கேளுங்கள். அகலம் 40 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால், 1.1 மீட்டர் வாங்கி நான்காக வெட்டினால் நால்வருக்கும் 20 அங்குலச் சதுரம் வரும். நான் விரும்புவது வேறு. துவைத்துத் துவைத்து மென்மையான ஈரிழைத் துண்டை இரண்டாக மடித்து வைத்தால், ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்குகிறது, வெயில் காலத்திலும் தொட இதமாக இருக்கிறது. பூத்துவாலை வேண்டாம், அதன் சுருள் இழைகளில் ஊசி மாட்டிக்கொள்ளும். தலையணையைப் பிரித்துத் தளர்ந்த பஞ்சைத் தூவுவதும் வேண்டாம், ஒரே சலவையில் மூலைக்கு மூலை திரண்டுவிடும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கத்தரிக்கோல், 9ஆம் எண் ஊசி, தரமான பருத்தி நூல், இரண்டு டஜன் ஊக்குகள், அடையாளம் போடத் தேய்ந்துபோன சோப்புத் துண்டு, விரல் நுனிக்கு ஒரு திம்பிள். நூல் அடிக்கடி முறுக்கிக்கொண்டால் நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் தேன்மெழுகு கேளுங்கள். நூலை அதன்மேல் ஒரு முறை இழுத்துவிட்டால் சிக்கு குறையும். ஊசிகளை முகப்பவுடர் தூவிய சிறு டப்பாவில் வைத்தால் துரு அண்டாது.

வெட்டுதல்

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். அதன் அட்டை கெட்டியாக இருக்கும். அதில் 2.5 அங்குலச் சதுரம் ஒன்றும், 2 அங்குலச் சதுரம் ஒன்றும் வெட்டிக்கொள்ள வேண்டும். பெரியது துணியை வெட்டும் அளவு, சிறியது தையல் ஓடும் கோடு. இரண்டுக்கும் இடையே நாற்புறமும் கால் அங்குலம், அதாவது தச்சர் கணக்கில் இரண்டு நூல், தையலுக்கு உள்ளே போகும் துணி.

நான்கு பேரும் ஒரே கையால், ஒரே அட்டையிலிருந்து வெட்டிய அச்சுகளையே பயன்படுத்த வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதல் பரிமாற்றத்தில் நாங்கள் அவரவர் வீட்டு அளவுகோலை நம்பினோம். ஒருவருடைய அளவு நாடா பல ஆண்டுப் பழக்கத்தில் நீண்டிருந்தது, இன்னொருவர் கோட்டின் வெளிப்புறமாக வெட்டியிருந்தார். நான்கு வீட்டுச் சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தபோது, அவை இட்லித் தட்டுபோல ஒன்றுக்கொன்று வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கணக்கு ஆசிரியை கணக்குப் போட்டுக் காட்டினார்: மூன்று சதுரங்களை இணைக்க இரண்டு தையல்கள், ஒவ்வொரு தையலும் இரு பக்கத் துணியையும் விழுங்கும், ஒரு பக்கத்துக்கு அரை நூல் பிசகினால்கூட மொத்தம் இரண்டு நூல், கால் அங்குலம், காணாமல் போகும்.

அச்சின் ஓரம் துணியின் பாவுக்கோ ஊடைக்கோ, அதாவது நீள இழைக்கோ குறுக்கு இழைக்கோ, இணையாக இருக்க வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய துணி இழுத்த பக்கமெல்லாம் நீளும். ஆளுக்கு அடர் நிறத்தில் 20, வெளிர் நிறத்தில் 16 சதுரங்கள் வெட்டி, ஐந்து அடர் சதுரங்களும் நான்கு வெளிர் சதுரங்களுமாகச் சேர்த்து ஒரு கட்டாக நூலால் கட்டுங்கள். ஒவ்வொரு சதுரத்தின் பின்புறமும் 2 அங்குல அச்சை நடுவில் வைத்துச் சோப்பால் கோடு போட்ட பிறகே பரிமாற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் விதி. கோடு போடாமல் கொண்டுவருபவர் அன்று சுண்டலுக்குத் தேங்காய் துருவுவார்.

இணைத்தல்

ஒன்பது சதுரங்களை மூன்று வரிசையாக அடுக்குங்கள்: அடர், வெளிர், அடர்; வெளிர், அடர், வெளிர்; மீண்டும் அடர், வெளிர், அடர். முதல் குவில்ட்டில் ஒரு வீட்டிலிருந்து வந்த ஒன்பதையும் ஒரே கட்டமாகத் தைப்பது நல்லது, நிறம் தேர்ந்தெடுக்கும் குழப்பம் இல்லாமல் தையலில் மட்டும் கவனம் வைக்கலாம். இரண்டு சதுரங்களின் முகப்பை முகப்போடு வைத்து, கோட்டின் இரு முனைகளிலும் ஊசி குத்திப் பின்புறக் கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, விரல் நுனியிலிருந்து முழங்கை வரையிலான நூலை எடுத்துக் கோட்டின்மேல் ஓட்டுத் தையல் போடுங்கள். நான்கு தையலுக்கு ஒன்று பின்னுக்குப் போய் எடுத்தால் தையல் கழலாது. நீளமாக நூல் கோத்தால் நேரம் மிச்சம் என்று நினைக்க வேண்டாம், சிக்கெடுக்கும் நேரம் அதைத் தின்றுவிடும்.

மூன்று சதுரங்கள் சேர்ந்ததும் வரிசையின் நீளத்தை அளந்து பாருங்கள். 6.5 அங்குலம் இருக்க வேண்டும். அதிகம் குறைந்தால் அப்போதே பிரித்துத் தைப்பது சுலபம்.

பிறகு இஸ்திரி. உள்ளே மடியும் துணியை எப்போதும் அடர் நிறச் சதுரத்தின் பக்கம் சாய்த்துவிடுங்கள். வெளிர்த் துணியின் அடியில் நிழல் தெரியாது என்பது இதன் வெளிப்படையான பயன். இன்னொன்றும் உண்டு: நம் அடுக்கில் முதல் வரிசையில் அடர் சதுரங்கள் ஓரத்திலும் இரண்டாம் வரிசையில் நடுவிலும் இருப்பதால், மடிப்புகள் தாமாகவே எதிர்எதிர்த் திசைகளில் சாயும், வரிசையோடு வரிசையை வைக்கும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, சந்திப்புகள் நேராக நிற்கும். இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பது போல இழுக்கக் கூடாது. "தள்ளாதீங்க, வச்சு எடுங்க" என்று கடைக்கார அக்கா எனக்கு எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

நான்கு கட்டங்களும் முடிந்தபின் அவற்றை இரண்டுக்கு இரண்டாக இணைத்தால் 12.5 அங்குலச் சதுரம் வரும். நான்கு வீட்டு அடர் துணிகளும் நடுப்புள்ளியில் மூலைக்கு மூலை சந்திப்பதை இப்போதுதான் பார்ப்பீர்கள். சுற்றுப்பட்டிக்கு 2.5 அங்குல அகலத்தில், 12.5 அங்குல நீளத்தில் இரண்டும் 16.5 அங்குல நீளத்தில் இரண்டும் வெட்டி, குட்டையானவற்றை முதலில் இரு பக்கமும், நீளமானவற்றைப் பிறகு மேலும் கீழும் இணைக்க வேண்டும். உங்கள் சதுரம் 12.25 அங்குலம்தான் வந்திருந்தால் பட்டியையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். அளவை ஓரத்தில் எடுக்காமல் நடுவில் எடுக்க வேண்டும், ஓரம் எப்போதும் இழுபட்டிருக்கும்.

இரண்டாவது கூடல் இந்த இடத்தில் வரும். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். எல்லோரும் தம் முகப்பைத் தரையில் விரிப்பார்கள். ஒருவருடையது நேராக இருக்கும், ஒருவருடையது சற்றுக் கோணும். நம் வீட்டுப் பழக்கத்தில் குறை சொல்வது அக்கறையின் அடையாளம், ஆனால் கேட்பவருக்கு அப்படி இருப்பதில்லை. கேட்காமல் திருத்தம் சொல்லக் கூடாது என்று நாங்கள் முடிவு செய்தோம். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். "பரவாயில்லையே" என்று மழுப்பவும் கூடாது. தையலைப் பிரிக்கும் கத்தரிக்கோல் துணிக்காரர் கையில் மட்டுமே இருக்கும். மாணவியின் மூன்றாவது கட்டத்தில் ஒரு சதுரம் திரும்பி, துணியின் கெட்ட பக்கம் மேலே வந்திருந்தது. நாங்கள் மூவரும் பார்த்தோம், மூவரும் வாயைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவளே கண்டுபிடித்து, "ஏன் டீச்சர், நீங்களாவது சொல்லியிருக்கலாமே!" என்றாள். "நீ கேக்கலையே" என்றார் ஆசிரியை. அந்தச் சதுரம் இன்றும் அப்படியே இருக்கிறது. பிரிக்க வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள்.

அடுக்குதல், ஊடுதையல்

மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள். வேர்த்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டிய கால் மணி நேரம் இது. 20 அங்குல அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மொசைக் தரையில் ஒட்டுங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும், விறைப்பாக இழுக்கக் கூடாது. அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் முகப்பு. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிச் சுருக்கத்தை வெளியேற்றியபின், நடுவில் தொடங்கி நான்கு விரல் இடைவெளிக்கு ஓர் ஊக்காகக் குத்திக்கொண்டே வெளியே வாருங்கள். தனியாகச் செய்தால் ஒரு பக்கம் பிடிக்க மறுபக்கம் நழுவும்; நான்கு பேர் நான்கு மூலையில் உட்கார்ந்தால் இது விளையாட்டாக முடிந்துவிடும்.

இனிமேல்தான் உண்மையான குவில்ட் வேலை. மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் ஊடுதையலை எங்கே போடுவது? புதியவர்கள் வழக்கமாகச் சதுரங்களின் குறுக்கே மூலைவிட்டமாக ஓட்ட நினைப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் மடிப்புகள் திரண்டிருப்பதால் ஊசி திணறும். வெளிர் நிறச் சதுரங்களுக்குள், இணைப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, ஒரு சிறு சதுரமாகத் தையல் ஓட்டுவதை நான் பரிந்துரைக்கிறேன். மடிப்புகளை அடர் பக்கம் சாய்த்துவிட்டதால் வெளிர்ச் சதுரங்களின் அடியில் பெரும்பாலும் தடிப்பு இருக்காது. அடர் சதுரங்களின் நடுவில் ஒரு சிறு பெருக்கல் குறி போதும்.

நூல் முனையில் சிறு முடிச்சுப் போட்டு, தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி முகப்பின் வழியே ஊசியை இறக்கி, அடித்துணியைத் தொடாமல் நடு அடுக்குக்குள்ளேயே ஓட்டி, தொடங்கும் இடத்தில் மேலே எடுங்கள். பிறகு நூலைச் சுண்டி இழுத்தால், 'டப்' என்ற மெல்லிய ஓசையுடன் முடிச்சு உள்ளே போய்ப் பஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஓசை கேட்பதற்காகவே நான் சில சமயம் குட்டை நூலாக எடுக்கிறேன். ஒரு கை மேலே, மறு கை துணிக்கு அடியில். ஊசி நுனி அடிக்கையின் விரலை இலேசாகத் தொட்டவுடன் மேலே திருப்பிவிட வேண்டும். மூன்று நான்கு தையல்களை ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு ஒரு முறை இழுப்பது பழகப் பழக வரும். அங்குலத்துக்கு ஆறு தையல் வந்தால் தொடக்கத்துக்குத் தாராளம். பொடித் தையலாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு நிறைவு. அடியிலும் தையல் விழுகிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். நடுவிலுள்ள சதுரங்களை முதலில் முடித்து வெளியே வர வேண்டும், ஓரத்திலிருந்து உள்ளே போனால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும்.

சிறு சதுரங்களை அளந்து இணைக்கும் பொறுமை வரவே இல்லை என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள், அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, கிடைத்த அளவில் கிடைத்த துண்டுகளை ஓரம் மடித்து மடித்து வைத்து, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டே போகிறார்கள். இணைப்பதும் ஊடுதையலும் ஒரே வேலையாக முடிகிறது. மூலைகளில் மடித்த சிறு முக்கோணங்களைப் பூவாகத் தைக்கிறார்கள். அதில் அளவுகோலுக்கு இடமே இல்லை. எங்கள் கடைக்கார அக்கா இப்போது அந்த முறையில்தான் தைக்கிறார்.

ஓரம் மடித்தல்

ஊடுதையல் முடிந்ததும் நடு அடுக்கை முகப்பின் ஓரத்தோடு சமமாக வெட்டுங்கள். அப்போது அடித்துணியை நன்றாகப் பின்னுக்கு மடித்து ஊக்குப் போட்டு வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டு விழித்தவர் எங்கள் நால்வரில் இருவர். அடுத்து அடித்துணியை முகப்பிலிருந்து நாற்புறமும் ஓர் அங்குலம் வெளியே இருக்கும்படி வெட்டி, அந்த அங்குலத்தில் பாதியை உள்ளே மடித்து, மீண்டும் ஒரு முறை மடித்து முகப்பின்மேல் கொண்டுவந்து, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது போல மறைதையல் போடுங்கள். மூலையில் முதலில் நுனியைக் குறுக்கே உள்நோக்கி மடித்துவிட்டு, பிறகு இரு பக்கங்களையும் மடித்தால் படம் மாட்டும் சட்டத்தின் மூலை போலச் சாய்கோடாகச் சேரும்.

பின்புறம் ஒரு மூலையில் உங்கள் பெயர், ஊர், ஆண்டு, துணி கொடுத்த மூவரின் பெயர்கள் ஆகியவற்றை நூலாலோ அழியாத மையாலோ எழுதுங்கள். இரண்டு தையல் குறைந்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். எந்தத் துணி யாருடையது என்பது ஓராண்டில் மறந்துவிடுகிறது. ஆசிரியையின் வெளிர்ப் பச்சை அவருடைய தாயாரின் சுங்குடிச் சேலையிலிருந்து வந்தது என்பதை நான் எழுதி வைத்ததால்தான் இன்று சொல்ல முடிகிறது.

கடைசியாகக் குளிர்ந்த நீரில், இலேசான சோப்பில், கஞ்சி முழுதும் போகும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாக நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் தையல் ஓடிய இடமெல்லாம் பள்ளமாகவும் நடுப்பகுதி சற்று மேடாகவும் சுருக்கம் விழுந்திருக்கும். அது பிழையன்று, அதை இஸ்திரி போட்டுச் சமன் செய்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் இரண்டு நாளாகியும் காயாமல் நாற்றமடிக்கும். ஆடியில் தொடங்கினால் நான்காவது கூடல் ஐப்பசியில் போய் விழும் என்பதால், நாங்கள் ஆனியிலேயே முதல் கட்டுகளை வெட்டிவிடுகிறோம். ஓரம் மடித்து முடிக்கும்போது புரட்டாசி பிறந்திருக்கும், கொலுப் படி கட்டப் பத்து நாள் இருக்கும், அடுத்த சுற்று ரவிக்கைத் துணிகளும் வரத் தொடங்கியிருக்கும்.